ஏப்ரலில் ஏறாத பென்ஷன்

மகனே,

என் பழைய புடவையில் கட்டிய தூளிக்குள் ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீ தூங்குகிறாய். இதைப் படிக்கிற நாளில் உனக்கு இருபதோ இருபத்தைந்தோ ஆகியிருக்கும். எழுதுகிற எனக்குப் பத்தொன்பது. அப்படிப் பார்த்தால் இந்தக் காகிதத்துக்குள் இருக்கிற உன் அம்மா உன்னைவிடச் சின்னவள். சின்னவள் பெரியவனுக்குப் புத்தி சொல்வது எப்படி என்று கூச்சமாக இருக்கிறது. எனக்கு எப்போதுமே கூச்சம்தான். பெங்களூருக்கு வெளியே அத்திபெலேயில் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் உன் அம்மா வழித் தாத்தா டீக்கடை வைத்திருந்தார். என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஒன்பதாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடையில் கிளாஸ் கழுவினேன். டிரைவர்கள் எது கேட்டாலும் தலையை ஆட்டுவேன். இந்தப் பெண் ஊமையா என்று ஒருவர் என் அப்பாவிடமே கேட்டிருக்கிறார். நேரில் பேச வராததால்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

உனக்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ விவரம் தெரிந்து வளரும்வரை அவர் இருப்பாரோ மாட்டாரோ, தெரியாது. இருந்தாலும் தன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை இந்த நாட்டைவிட்டே அனுப்பிவிட இருந்தோம். அனுப்பியிருந்தால் வீட்டுக்குப் பணம் வந்திருக்கும். நீ அவரைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருப்பாய்.

அவர் உன் அப்பாவின் பெரியப்பா. நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறேன். தெருவில் எல்லோருக்கும் அவர் லண்டன்காரர். அவருடைய மனைவி நர்ஸ். அந்த அம்மாவுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தபோது இவரும் கூடப் போனார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு புது நாட்டில் முதலில் பஸ் கழுவினார், பிறகு பஸ் ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. அந்த அம்மா அங்கேயே இறந்துபோனார்கள். வேலை முடிந்து பென்ஷன் வாங்குகிற வயது வந்ததும், தனியாக இருந்து என்ன செய்வது என்று பெங்களூர் விவேக் நகரில் இருந்த தம்பி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். அந்தத் தம்பிதான் உன் அப்பாவின் அப்பா. அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. நான் கல்யாணமாகிப் போனபோது அந்த வீட்டில் மூன்று பேர்: எலெக்ட்ரானிக் சிட்டிக் கம்பெனிகளுக்குச் சொந்தமாகக் கேப் ஓட்டுகிற உன் அப்பா, உன் அப்பாவின் அம்மாவான என் அத்தை, மாடியில் ஷீட் போட்ட அறையில் பெரிய மாமா.

எனக்குப் பதினெட்டு முடிந்த மறுமாதம், தவக்காலம் தொடங்குவதற்கு முன் கல்யாணம். முதல் நாள் காலையில் மாடிக்கு டீ கொண்டுபோனேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். "தேங்க் யூ, ஸ்டெல்லா" என்றார். கடையில் எத்தனையோ ஆயிரம் டீ கொடுத்திருப்பேன். ஒருவரும் எழுந்து நின்று வாங்கியதில்லை. என் பெயரையும் சொன்னதில்லை. நான் படியில் பாதி இறங்கி அங்கேயே நின்றுவிட்டேன். வயதான ஒருவர் எனக்காக எழுந்தாரே என்று இருந்தது. அத்தையிடம் சொன்னபோது, "அவரு அப்டித்தான். நாய்க்கு பிஸ்கட் போட்டாக்கூட பிளீஸ்னு சொல்லிட்டுதான் போடுவாரு" என்று சிரித்தார்.

அந்த ஏப்ரலில்தான் அந்த வழக்கத்தைப் பார்த்தேன். மாதா மாதம் பென்ஷனில் ஒரு பகுதியைப் பெரிய மாமா வீட்டுச் செலவுக்குக் கவரில் போட்டுத் தருவார். ஏப்ரல் மாதக் கவர் மட்டும் விசேஷம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு சாப்பாட்டு மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, கவரை இரண்டு கையாலும் நீட்டி, "இந்த வருஷம் ஏத்திட்டாங்க" என்பார். கவரில் வழக்கத்தைவிட ஆயிரம் ரூபாய் கூட இருக்கும். அத்தை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு எண்ணுவார், மறுபடி எண்ணுவார். பிறகு பாயசம். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாடு, தன் ஊர் பஸ்ஸைக் கழுவிய ஒரு மனிதரை ஞாபகம் வைத்திருந்து வருஷா வருஷம் ஏற்றிக் கொடுக்கிறது என்று நினைத்தபோது எனக்குப் பயமும் மரியாதையுமாக இருந்தது. அன்று நான் வைத்த பாயசத்தில் முந்திரி கூடப் போட்டேன்.

ஆனால் அத்தைக்கு அந்த ஆயிரம் போதவில்லை. எதிர்வீட்டில் கோபால் சார் இருந்தார். கர்நாடக அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருக்குப் பஞ்சப்படி ஏறும்போதெல்லாம் தெருவுக்கே தெரியும், ஸ்வீட் வரும். "சென்ட்ரலோ, ஸ்டேட்டோ, லண்டனோ, பென்ஷன்னா ஏறும்மா. ஏறலன்னா அது பென்ஷனே இல்ல" என்று வாசலில் நின்று சொல்வார். எங்கள் வீட்டில் அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இத்தனை வருஷமாக ஏறியது என்றால் எவ்வளவு ஏறியிருக்கும், நமக்கு வருவது ஆயிரம்தானே, மீதி எங்கே என்பதுதான் அத்தையின் கேள்வி. நேராகக் கேட்க மாட்டார். மீன் குழம்பு கொதிக்கும்போது கரண்டியிடம் கேட்பார். "சேத்து வச்சி இன்னா பண்ணப்போறாரோ. கூடவா எடுத்துக்கினு போகப்போறாரு?" உன் அப்பா, "வுடும்மா, சும்மா காலிபிலி பேசிக்கினு" என்று எழுந்து போய்விடுவார். நானும் அத்தையைப் போலத்தான் நினைத்தேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. எழுந்து நிற்கிறவர்களும் கஞ்சர்களாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கஞ்சத்தனம்போலத் தெரிந்ததையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேசாதவர்களுக்கு வேறு என்ன வேலை? டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வெயிலில் ரிச்மண்ட் டவுன் வரைக்கும் நடந்து போவார், முழங்கால் வலியோடு திரும்பி வருவார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் கட்டியிருந்தது. மீன் ஒத்துக்கொள்ளாது என்று தன் துண்டை உன் அப்பாவின் தட்டில் வைப்பார். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் அவர் முள்ளைக்கூட விடாமல் மீன் சாப்பிட்டதைப் பார்த்தேன். பிரஷர் மாத்திரையை நகத்தால் கீறி இரண்டாக உடைத்து, பாதியைப் போட்டுக்கொண்டு மீதியைத் திரும்ப டப்பாவில் வைப்பார். "முழுசா போட்டா தல சுத்துது" என்றார். நம்பினேன்.

பிறகு நீ வந்தாய். வரவேண்டிய நாளுக்கு வெகு முன்னாலேயே, டிசம்பரில், ஒரு மத்தியானம். எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது என்று சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்து உன்னை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். என் உள்ளங்கையைவிட உன் முகம் சின்னதாக இருந்தது. மூன்று வாரம் நீ அந்தப் பெட்டிக்குள் இருந்தாய். ஒவ்வொரு நாளும் உன் அப்பா கவுண்டருக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு வருவார். அத்தை தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தார். கேப் வண்டியையே விற்றுவிடலாம் என்று பேச்சு வந்த அன்று பெரிய மாமா படியேறி வந்து, மூச்சு வாங்க, உன் அப்பாவின் கையில் ஒரு பையைக் கொடுத்தார். "லண்டன்லேர்ந்து பென்ஷன் அரியர்ஸ் வந்துச்சுடா. நல்ல நேரத்துல வந்துச்சு பாரு" என்றார். உன் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தையும் அழுதார். அன்று கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே முந்தானையோடு இரண்டாம் நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அரியர்ஸே இவ்ளோன்னா, அசல் எவ்ளோ இருக்கும் பாரு" என்று சொன்னதும் அதே அத்தைதான். அவரைத் தப்பாக நினைக்காதே. கணவன் போன பிறகு ஒரு குடும்பத்தை அத்தனை வருஷம் இழுத்து வந்தவர். எல்லாப் பையையும் ஒருமுறை உதறிப் பார்க்கத்தான் அவருக்குத் தோன்றும்.

உன்னைக் கங்காருபோல நெஞ்சிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜனவரியில் பெரிய மாமாவுக்கு முழங்கால் மிகவும் வீங்கியிருந்தது. பேங்குக்குத் துணைக்கு வருகிறாயா என்று கேட்டார். உன்னைத் துணியில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தவள், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். இந்த மாதம் ஏன் பணம் கம்மியாக வந்திருக்கிறது என்று அவர் மெல்லக் கேட்டார். அவள் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அங்கிள், உங்களுக்கு அங்கேர்ந்து வர்றது அதே பவுண்டுதான். நீங்க வந்த நாள்லேர்ந்து ஒந்தே நம்பர், ஸ்வல்பமும் மாறல. ரேட்டு இறங்கிச்சு, அதான் ரூபாய் கம்மி." நான் அவருக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் மாட்டிக்கொண்டால் என் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவருடைய முகம்.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்காததால்தான் அவர் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"கேட்டுட்டியா?"

தலையை ஆட்டினேன்.

"அந்த ஊர்ல ஒரு ரூலு இருக்குமா. ரிட்டயர் ஆனவன் அங்கயே இருந்தா ஏப்ரலுக்கு ஏப்ரல் ஏத்துவாங்க. அமெரிக்கா போனாலும் ஏத்துவாங்க. இந்தியா வந்தா, வந்த அன்னிக்கு இன்னா இருந்துச்சோ அதே. சாகிற வரைக்கும் அதே. ஐஸ்ல வச்ச மாதிரி. எனக்கு அது தெரியாது. யார்கிட்டயும் கேக்காம கெளம்பி வந்துட்டேன். அதுவும் முழு பென்ஷன் இல்ல. லேட்டா போனவன்தானே, வேல பாத்த வருஷத்துக்குத் தகுந்த மாதிரிதான்."

உன் காலில் இருந்து நழுவிய சாக்ஸை எடுத்து மாட்டிவிட்டார். பிறகு சிரித்தார். "வந்து முதல் ஏப்ரல். உன் மாமனாரு ஆசையா வந்து கேக்கிறான், 'ஏத்திட்டாங்களாண்ணே?'ன்னு. பக்கத்துல கோபால் சார் நிக்கிறாரு. ஏத்திட்டாங்கன்னு சொல்லிட்டேன். ஒரு தடவ சொல்லிட்டா அடுத்த வருஷம் ஏத்தலன்னு எப்டி சொல்றது? அப்புறம் உன் மாமனாரும் போய்ட்டான். வீட்ல செலவு ஏறிக்கினேதான் இருக்கு. அது மட்டும் ஐஸ்ல வச்ச மாதிரி நிக்குதா?"

நான் அவரிடம் கேட்ட முதல் முழுக் கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. "அப்போ அரியர்ஸ், பெரிய மாமா?"

"அந்த ஊர்ல அரியர்ஸே கெடையாது. இங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க, அதான்" என்றார். பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உடம்பு ரொம்ப முடியாம போனா அங்கயே திரும்பிடலாம்னு கொஞ்சம் வச்சிருந்தேன். டிக்கெட்டுக்கும், போய் இறங்கி ரூம் பாக்குற வரைக்கும் சோத்துக்கும். அங்க குடியிருந்தா ஆஸ்பத்திரிக்குக் காசு கேக்க மாட்டாங்க. இங்க எழுபத்தொம்போது வயசுக்காரனுக்கு எவன் இன்சூரன்ஸ் குடுப்பான்? சரி வுடு. அத்தைகிட்ட சொல்லாத. உன்கிட்ட சொல்றது சுவத்துகிட்ட சொல்ற மாதிரின்னுதான் சொன்னேன்."

மகனே, அந்தப் பெஞ்சில் எனக்கு என்ன ஆனது என்று எழுத எனக்குப் படிப்புப் போதவில்லை. நீ என் நெஞ்சில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாய், சின்னச் சூடாக, விட்டு விட்டு. அவருக்கு உடம்பு முடியாமல் போனால் போவதற்காக வைத்திருந்த ஒரே வழி, இப்போது உன் மூச்சாக என் சட்டைக்குள் இருந்தது. கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்போமே, அதுபோல அவரைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்காரக் கூசியது. மீனும், மாத்திரையும், நடையும் ஒவ்வொன்றாக வந்து எனக்குள் உட்கார்ந்தன. ஒவ்வொரு ஏப்ரலும் அவர் நீட்டிய ஆயிரம் ரூபாய் எந்த நாடும் தந்தது இல்லை. தன் தட்டிலிருந்து எடுத்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, தானே தனக்கு ஏற்றிக்கொண்டு, அதை இரண்டு கையாலும் எங்களுக்கு நீட்டியிருக்கிறார்.

பிப்ரவரியில் லீஸ் முடிந்தது. பெங்களூரில் லீஸ் என்றால் மாத வாடகை கிடையாது, மொத்தமாகப் பல லட்சம் வீட்டுக்காரரிடம் கொடுத்து வைக்கவேண்டும், காலி செய்யும்போது திருப்பித் தருவார். புதுப்பிக்க வேண்டுமானால் இன்னும் ஐந்து லட்சம் போடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கீழே இருந்தோம். அத்தை இந்த முறை கரண்டியிடம் பேசவில்லை.

"மாமா, உங்களுக்கு வருஷா வருஷம் ஏறுது. எங்களுக்குக் குடுத்தது போக மிச்சம் எங்கன்னு நான் ஒரு நாளு கேட்டிருப்பேனா?"

"கேட்டுக்கினுதானே இருக்க" என்று பெரிய மாமா சிரிக்கப் பார்த்தார்.

"இன்னிக்குக் கேக்குறேன். அஞ்சு லட்சம். உங்க தம்பி வாழ்ந்த வீடு. கைக்குழந்தைய வச்சிக்கினு எங்க போறது?"

பெரிய மாமா தன் கையைப் பார்த்துக்கொண்டே, "நான் லண்டனுக்கே போய்டலாம்னு பாக்குறேன்" என்றார். "அங்க என் பழைய கூட்டாளி ஒருத்தன் இருக்கான். டிக்கெட் எடுத்துத் தர்றேன், அப்புறம் குடுன்னு சொல்றான். போய் ஒரு ரூம் எடுத்துக்கிறேன். அங்கேர்ந்து ஜாஸ்தியா அனுப்புறேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் அங்கே போய்க் குடியிருந்தால் ஐஸ் உடைந்து, இன்றைக்கு உள்ளபடி பென்ஷன் ஏறிவிடும். எழுபத்தொன்பது வயதில், அந்த முழங்காலோடு, அந்தக் குளிரில் தனியாக ஒரு ரூமில் உட்கார்ந்து எங்களுக்குப் பணம் அனுப்பப் போகிறார். வேறு யாருக்கும் அது புரியவில்லை. உன் அப்பாவின் முகம் இறுகிப்போனது. "கஷ்டம்னு சொன்னதும் கழண்டுக்கிறீங்களா பெரியப்பா?" என்றார். அத்தை எழுந்தார். "போங்க. நல்லா போங்க. சேத்து வச்சதையும் எடுத்துக்கினு போங்க."

பெரிய மாமா படிப்பக்கம் நடந்தார்.

நான் சமையலறை வாசலில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். சுவரிடம் சொன்னதுபோல இருக்கட்டும் என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. நான் பேசாமல் இருந்தால் அவர் போய்விடுவார், எங்களுக்குப் பணம் வரும், அவரைக் கெட்டவர் என்றே எல்லோரும் நினைப்பார்கள், நீயும் அப்படித்தான் நினைத்து வளர்வாய். அது எனக்குத் தாங்கவில்லை.

"ஏறல அத்தை" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அந்த வீட்டில் எல்லோர் முன்னாலும் நானாகப் பேசியது அதுதான் முதல்தடவை.

"இன்னாடி ஏறல?"

"பென்ஷன். மாமா வந்த நாள்லேர்ந்து ஏறவே இல்ல. இந்தியால இருந்தா ஏத்த மாட்டாங்களாம். பேங்க்ல சொன்னாங்க, என் காதால கேட்டேன்."

"ஸ்டெல்லா, போதும்மா" என்றார் பெரிய மாமா படியில் நின்றபடி.

"அப்போ ஏப்ரலுக்கு ஏப்ரல் குடுத்தது?" என்று அத்தை கேட்டார்.

"அவரோட மீனு அத்தை. அவரோட மாத்திரை. பாதி பாதியா உடைச்சிப் போட்டுக்கிறாரு. ஆட்டோல போகாம நடந்து போறாரு." எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "இப்போ போறது கூட நமக்குத்தான். அங்க போய் இருந்தா ஏத்துவாங்க, அதுக்குத்தான்."

உன் அப்பா மெதுவாகக் கேட்டார், "அரியர்ஸ்?"

நான் உன்னை அவர் கையில் கொடுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. உன்னை வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை என்ன செய்வார் என்று எனக்குப் பயமாக இருந்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கோபம் வந்தது, ஆனால் அது வேறு மாதிரி கோபம். "ஏன் மாமா, பதிமூணு வருஷமா வாயில கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்தீங்க? ஏறலன்னா ஏறலன்னு சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா பாயசம் வைக்க மாட்டியே" என்றார் பெரிய மாமா.

அத்தை சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போய்விட்டார். வெகுநேரம் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் அத்தையே நேராக வீட்டுக்காரரிடம் போய், கன்னடத்தில் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வந்தார். உன் வீடு உனக்கு, எங்கள் லீஸ் பணம் எங்களுக்கு என்று சொல்லிவிட்டாராம். என் அப்பா அத்திபெலேயில் இரண்டு அறையும் ஒரு முற்றமும் உள்ள வீட்டை லீஸுக்குப் பார்த்துக் கொடுத்தார். விவேக் நகரில் கொடுத்து வைத்ததில் பாதிதான் ஆனது. உன் அப்பாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியும் கிட்டத்தில். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. பெரிய மாமா போவதாகவே இருந்தார். கூட்டாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "போனா ஏறும்மா, உனக்கு இன்னும் ஒருத்தரு சாப்பாடும் மிச்சம்" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை டப்பாக்களைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தார்.

வீடு மாற்றுகிற அன்று டெம்போ வந்தது. மாடியிலிருந்து பெரிய மாமாவின் பெட்டியும் வந்தது. இங்கிலாந்திலிருந்து அவர் கொண்டுவந்த கறுப்புப் பெட்டி அது. அதை அவர் வாசலில் தனியாக, டெம்போவுக்குத் தள்ளி வைத்துவிட்டார். நான் உன்னை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தால் எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். கட்டில் ஏறியது, பீரோ ஏறியது. அத்தை வெளியே வந்தார், பெட்டியைப் பார்த்தார், தானே தூக்கிக்கொண்டுபோய் டெம்போவின் உள் மூலையில் தள்ளினார். பிறகு ஏற்றுகிற ஆட்களைக் கூப்பிட்டு, "அந்தக் கிரைண்டரத் தூக்கி இது மேல வைங்கப்பா" என்றார். இரண்டு பேர் முக்கி முனகி வைத்தார்கள். கல் கிரைண்டர். இனி அத்திபெலே போய்ச் சேரும்வரை அந்தப் பெட்டியை யாராலும் வெளியே எடுக்க முடியாது.

"ஏம்மா, பெட்டி நசுங்கிடும்" என்றார் பெரிய மாமா.

"நசுங்கட்டும்" என்றார் அத்தை. "ஏறி உக்காருங்க, வெயில் ஏறுது."

அவர் கொஞ்சநேரம் தெருவிலேயே நின்றார். எதிர்வீட்டு வாசலில் கோபால் சார் கையை உயர்த்தினார். பெரிய மாமா அவரிடம் போய் ஏதோ சொன்னார். கோபால் சார் திறந்த வாயை மூடவில்லை. பெரிய மாமா திரும்பி வந்து டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். உன்னை மடியில் கேட்டார். கொடுத்தேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வயதில்லை என்று முதலிலேயே சொன்னேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் வீட்டில் யாராவது கை நிறையக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அவர்கள் எதை உடைத்துப் பாதியாகப் போட்டுக்கொள்கிறார்கள் என்று ஒருமுறை பார். பார்த்துவிட்டு என்னைப்போல வாசலில் நின்றுகொண்டிருக்காதே. நான் ஒரு மாதம் தாமதித்தேன். நீயும் எங்காவது தூர தேசத்தில் உழைக்கப் போவாயானால், திரும்பி வருவதற்கு முன் அந்த நாட்டின் ரூல் என்ன என்று நாலு பேரிடம் கேள். அதையும் பெரிய மாமாதான் எழுதச் சொன்னார். அதை எழுது என்று சொல்லும்போது கூட அவருக்குச் சிரிப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் மாதக் கவர். அத்திபெலே வீட்டில் மேசை இல்லை, எல்லோரும் முற்றத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். பெரிய மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். பழக்கத்தில் இரண்டு கையாலும் கவரை நீட்டிவிட்டார். "இந்த வருஷம்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நீ என் மடியில் எச்சில் வடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னா மாமா, ஏத்தலையா அந்த ஊர்க்காரனுங்க?" என்றார் அத்தை.

"ஏத்தல" என்றார் பெரிய மாமா.

"நாசமா போகட்டும். உக்காருங்க." அத்தை கவரை வாங்கி எண்ணாமல் பிரித்தார். உள்ளேயிருந்து சில நோட்டுகளை எடுத்து அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இது மாத்திரைக்கு. இதுல கை வச்சீங்கன்னா பாத்துக்கோங்க." பிறகு மீன் துண்டை, நல்ல பெரிய துண்டாகப் பார்த்து, அவர் தட்டில் போட்டார். ஒத்துக்கொள்ளாது என்று அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் முன்னால், முள்ளைக்கூட விடாமல் சாப்பிட்டார். பாயசமும் இருந்தது.

சாப்பிட்டு முடித்து டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தார். பழக்கத்தில் நகம் அதன் நடுக்கோட்டுக்குப் போனது. அத்தை பார்த்துக்கொண்டிருந்தார், உன் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நகத்தை எடுத்துவிட்டு, மாத்திரையை முழுதாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

நீ முழித்துக்கொண்டுவிட்டாய். வருகிறேன்.

உன் அம்மா